தூக்குவாளியில் போன மீன்

அத்தியாயம் 5

கண்ணையனின் டி.வி.எஸ். 50 ஒருமுறை பாடாலூர் மேட்டில் சென்னை போகும் சொகுசுப் பேருந்தை முந்தியிருக்கிறது. பேருந்து அப்போது டயர் வெடித்து நின்றுகொண்டிருந்தது என்பதைக் கண்ணையன் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. அந்த வண்டிதான் புரட்டாசி வியாழக்கிழமை காலையில், சிமெண்ட் லாரிகள் கிளப்பிய வெள்ளைப் புழுதிக்குள், இரண்டு பேரைச் சுமந்து அரியலூரை நோக்கி முக்கிக்கொண்டிருந்தது. ஓட்டியவன் கண்ணையன். பின்னால் பிளாஸ்டிக் கூடையை மடியில் வைத்து ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தவர் ஆனி ரோஸ் டீச்சர்.

டீச்சர் இப்போது டீச்சர் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தார். ஆய்வகத்து ஸ்பிரிட்டை யார் குடிக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தார். அன்றோடு சாக்பீஸை வைத்துவிட்டு, பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்துவிட்டார். கண்ணையன் அவருக்கு உதவியாளன். சந்தேகப்படுவதுதான் அவன் வேலை. அதை அவன் குறைவில்லாமல் செய்து வந்தான்.

வழக்கு இதுதான். வெள்ளோடைப்பட்டிப் பெரிய ஏரியை மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் பிச்சைமுத்து. போன கார்த்திகையில் தண்ணீர் வந்ததும், மீன்குஞ்சு விடுவதற்கு முன்னால், அவர் மூட்டை மூட்டையாக எதையோ ஏரியில் கொட்டியதை ஊரே பார்த்தது. மறுநாள் விரால்கள் செத்து மிதந்தன. அது இலுப்பைப் பிண்ணாக்கு, குஞ்சைத் தின்கிற விராலை ஒழிக்க எல்லா ஊரிலும் போடுவதுதான் என்றார் அவர். ஊர் தலையை ஆட்டியது, நம்பவில்லை. இந்த ஆவணியில் ஏரித் தண்ணீர் குடித்த ஆடு ஒன்று செத்தது. ஆட்டுக்காரி பொன்னம்மாள், ஏரியில் எலி பாஷாணம் கலந்திருக்கிறது என்று பஞ்சாயத்தில் மனுக் கொடுத்தாள். பஞ்சாயத்து எழுத்தர் அய்யம்பெருமாள் ஏரி மீனைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு அரியலூர் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். மீனில் பாஷாணம் இருப்பதாக முடிவு வந்தது.

ஐப்பசி மழைக்கு முன்னால் பிடித்துவிட வேண்டிய மீன். சுருங்கிப்போன தண்ணீரில் ஒவ்வொன்றும் தொடை பருமனுக்கு நின்றது. நாளைக் காலை அத்தனை மீனையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கொன்று, குழி தோண்டிப் புதைப்பது என்று பஞ்சாயத்து தீர்மானித்துவிட்டது. மீனைப் புதைக்கலாம். ஊருக்கு விஷம் வைத்தவன் என்கிற பெயரை எந்தக் குழியில் புதைப்பது? பிச்சைமுத்து டீச்சரின் மேசைக்கு முன்னால் நின்று கேட்டது இவ்வளவுதான்.

"மூணு பேரு டீச்சர்," என்று கண்ணையன் புழுதியைத் துப்பிவிட்டுச் சொன்னான். "மனு குடுத்த பொன்னம்மா. வாளி தூக்குன அய்யம்பெருமாளு. மீனைச் சோதிச்ச ஆய்வுக்கூடத்துக்காரன். இதுல ஒண்ணு."

"பிச்சைமுத்து?"

"அவரு நம்ம கட்சிக்காரரு. வந்ததும் டீ வாங்கிக் குடுத்தாரு."

"டீ வாங்கிக் குடுத்தவங்கள விட்டுட்டு மத்தவங்களையெல்லாம் சந்தேகப்படறீங்க, கண்ணையா."

அதுதான் தன் முறை என்றும், அது இதுவரை தவறியதில்லை என்றும் கண்ணையன் பதில் சொன்னான். ஸ்பிரிட் வழக்கில் டீ வாங்கிக் கொடுத்தவனே குடித்தவன் என்பதை டீச்சர் நினைவுபடுத்தவில்லை. பள்ளத்தில் வண்டி ஒரு குதி குதித்தது.

அரியலூர் அந்த வருஷம் தனி மாவட்டமா இல்லையா என்று அரியலூருக்கே சட்டென்று சொல்லத் தெரியாத காலம். ஆனால் சுண்ணாம்புக் கல்லைப் பற்றி அதற்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. ஆய்வுக்கூடமும் கல்லுக்காகவே பிறந்தது. வாசலில் கல், படியில் கல், அலமாரியில் பெயர் ஒட்டிய கல். உள்ளே கிளமெண்ட் இருந்தார். அமிலம் தெறித்து ஓட்டை விழுந்த கோட்டுக்குள் ஒல்லியாக நின்ற மனிதர், டீச்சரைப் பார்க்காமல் தராசைப் பார்த்தே பேசினார். கண்ணையன் உடனே அதையும் அவர்மேல் சந்தேகப்பட ஒரு காரணமாகச் சேர்த்துக்கொண்டான்.

மீனை எப்படிச் சோதித்தீர்கள் என்று டீச்சர் கேட்டதும் கிளமெண்டுக்குக் கூச்சம் போய்விட்டது. ஒரு துண்டை எடுத்து, மக்னீசியம் உப்புத் தூவி, உலையில் வைத்து வெள்ளைச் சாம்பலாகும்வரை எரித்தாராம். சாம்பலை அமிலத்தில் கரைத்து, அதில் துத்தநாகம் போட்டாராம். பொங்கி வருகிற வாயுவில் பாஷாணம், அதாவது ஆர்சனிக், இருந்தால், குழாயின் நுனியில் வைத்திருக்கும் ரசாயனக் காகிதத்தில் கறை விழும். கொஞ்சம் இருந்தால் மஞ்சள், அதிகம் இருந்தால் காப்பித்தூள் நிறம். காகிதத்தைப் பத்திரமாக எடுத்துக் காட்டினார். நல்ல டிகிரி காப்பித் தூள்.

"எரிக்காம பாத்தீங்களா?" என்றார் டீச்சர்.

கிளமெண்ட் அப்போதுதான் அவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "இங்க எது வந்தாலும் எரிப்போம்ங்க. கல்லு, மண்ணு, நிலக்கரி. எரிக்காம எதையும் பாத்ததில்ல."

மிச்ச மீன் எங்கே என்று டீச்சர் கேட்டார். மூலையில் குடுவை கழுவிக்கொண்டிருந்த ஆளின் கையிலிருந்து குடுவை நழுவி உடைந்தது.

அவர் பெயர் வேம்பு. ஆய்வுக்கூடத்தின் ஏவலாள். வேலை நாளில் சரிகை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். மணிக்கட்டில் கடிகாரம் இருந்த வெள்ளைத் தடம் இருந்தது; கடிகாரம் இல்லை. குற்றவாளி இதைவிடத் தெளிவாக வர முடியாது என்று கண்ணையன் முடிவு செய்து, நைசாக வாசலை மறித்து நின்றான்.

கிளமெண்ட் குளிர்பெட்டியைத் திறந்தார். வந்தவை நாலு துண்டு, எரித்தது ஒன்று, மூன்று இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. குளிர்பெட்டியின் கதவை மூடித் திறந்து பார்த்தார். மறுபடியும் ஒன்றுதான்.

"எவ்வளவு குடுத்தாங்க?" என்று கண்ணையன் வேம்புவின் காதோரம் கேட்டான். "துண்ட மறைக்கச் சொன்னது யாரு?"

வேம்பு சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "யாரும் சொல்லலீங்க. தின்னுட்டேன்."

நடந்தது இது. மீன் வந்த சாயங்காலம் கிளமெண்ட் வீட்டுக்குப் போனதும், நாலு துண்டு எதற்கு, இரண்டு போதுமே என்று வேம்புவுக்குத் தோன்றியிருக்கிறது. ஆய்வுக்கூடத்து மின்னடுப்பில், அலுமினிய மூடியில், மிளகாய்த்தூள் தடவி வறுத்துத் தின்றார். மறுநாள் காகிதம் காப்பி நிறமாக வந்தது. அன்றிலிருந்து மனிதர் சாவுக்குத் தயாராகிவிட்டார். கடிகாரத்தை மருமகனுக்குக் கொடுத்தார். சைக்கிளை மச்சானுக்குக் கொடுத்தார். பகையாளியாக இருந்த பக்கத்து வூட்டுக்காரனிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அவன் பயந்துபோய் வூட்டைப் பூட்டிக்கொண்டு அரும்பாவூரில் மாமியார் வூட்டுக்குப் போய்விட்டான். தினமும் காலையில் நல்ல வேட்டியாகக் கட்டிக்கொண்டு வேலைக்கு வருவது, விழும்போது பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்றுதான்.

டீச்சர் அவருக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"முள்ளு எப்படி இருந்துச்சு, வேம்பு?"

"முள்ளுங்களா?" வேம்பு சாவை ஒரு நிமிஷம் ஒத்திவைத்து யோசித்தார். "முள்ளே இல்லீங்கம்மா. நடுவுல ஒண்ணு, தடியா. அத எடுத்துட்டா அப்படியே அல்வா."

டீச்சர் கண்ணையனைப் பார்த்தார். கண்ணையன் வாசலை மறிப்பதை மறந்தான்.

ஏரிக் கெண்டையையும் ரோகுவையும் தின்றவனுக்குத்தான் இது புரியும். அதில் முள் என்பது சதைக்கு நடுவே மயிரிழையாகக் கவட்டை கவட்டையாகப் புதைந்து கிடக்கும். வெள்ளோடைப்பட்டியில் கெண்டைக் குழம்பு வைத்த வூட்டில் சாப்பாடு முடியும்வரை கல்யாணப் பேச்சுகூட எடுக்க மாட்டார்கள். கண்ணையனின் தாய்மாமன் ஒருவர் தொண்டையில் சிக்கிய ரோகு முள்ளோடு பதினோரு வருஷம் வாழ்ந்தார். அந்த முள்ளால் அவருக்கு இரட்டைக் குரல் வந்து, ஒற்றை ஆளாகவே வள்ளி திருமணம் நடத்திக்கொண்டிருந்தார். முள்ளே தெரியாமல் ஏரி மீனைத் தின்றேன் என்று எந்த ஊரிலும் எவனும் சொன்னதில்லை.

"அது ஏரி மீனில்ல," என்றார் டீச்சர். "ஆனா முள்ளு சொல்றத பஞ்சாயத்து கேக்காது. காகிதம் சொல்லணும். கிளமெண்ட் சார், அந்தக் கடைசித் துண்ட ரெண்டா நறுக்குங்க. ஒண்ண வழக்கம்போல எரிங்க. இன்னொண்ண எரிக்காதீங்க. தண்ணியில வேகவெச்சு, வடிகட்டி, சாற மட்டும் சோதிங்க."

எதையும் வேகவைக்கச் சொல்லி யாரும் அவரிடம் கேட்டதில்லை என்பதால் கிளமெண்டுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவராகவே மூன்றாவதாக ஒரு குடுவை வைத்தார். அலமாரியில் பூட்டியிருந்த அசல் பாஷாணக் கரைசலில் ஒரு சொட்டை வெறும் தண்ணீரில் விட்டு, அதையும் எரிக்காமல் சோதித்தார். உலை அதன் வேகத்தில் எரிந்தது. கண்ணையன் இரண்டு தடவை டீ குடித்தான். இரண்டு தடவையும் கிளமெண்ட் வாங்கிக் கொடுத்ததால் அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டான்.

மதியம் திரும்பும்போது மூன்று காகிதமும் மேசைமேல் வரிசையாக இருந்தன. எரித்த மீன், காப்பித்தூள். எரிக்காத அசல் பாஷாணம், அதுவும் காப்பித்தூள். எரிக்காமல் வேகவைத்த மீன், வெள்ளை. துவைத்து மடித்த வெள்ளை.

கிளமெண்ட் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே மீன், இரண்டு பதில். தன் உலையின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது.

டீச்சர் விளக்கினார். கடல் மீன் எல்லாவற்றுக்கும் உடம்பில் கொஞ்சம் பாஷாணம் உண்டு. யாரும் போட்டது இல்லை, கடலிலிருந்து அது தானே சேர்த்துக்கொண்டது. ஆனால் அதைச் சதையில் வேறு சரக்கோடு கட்டிப் பூட்டி வைத்திருக்கிறது. துத்தநாகத்துக்கும் அமிலத்துக்கும் அந்தப் பூட்டுத் திறக்காது. உலையில் போட்டுச் சாம்பலாக்கினால்தான் திறக்கும். எலி பாஷாணம் அப்படியில்லை. பூட்டே கிடையாது. வேகவைத்த சாற்றிலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

"மனுஷன் வயித்துல உலை இல்ல. பூட்டுனது பூட்டுனபடியே வெளிய போயிரும்," என்று முடித்தார்.

வேம்பு எழுந்து நின்றார். "எனக்குப் போயிருச்சுங்களாம்மா?"

"அப்பவே போயிருக்கும்."

வேம்பு சரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அரைநாள் விடுப்புக் கூடச் சொல்லாமல், மச்சான் வூடு இருக்கிற திசையில் ஓடினார்.

கண்ணையனுக்கு வழக்கு முடிந்துவிட்டது. வாளியில் போனது கடல் மீன். ஏலத்தில் ஏரி கிடைக்காமல் போனது பொன்னம்மாளின் மகளிர் குழுவுக்கு. பாஷாணம் என்று மனு எழுதியது பொன்னம்மாள். பொன்னம்மாள் அரியலூர் சந்தையில் விற்பது கடல் மீன். இதற்கு மேலும் துப்பறிந்தால் அது பேராசை என்றான்.

சந்தையில் பொன்னம்மாள் தெர்மகோல் பெட்டிக்குப் பின்னால், ஐஸ் தண்ணீர் காலை நனைக்க உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது. மூக்குத்தி இரண்டு பக்கமும். கண்ணையன் குனிந்து, மீன் வாங்க வந்தவனைப் போல, வெள்ளோடைப்பட்டிக்கு வாளியில் போட்டு அனுப்புகிற மீன் இருக்கிறதா என்று கேட்டான். இப்படி மறைமுகமாகக் கேட்டால் குற்றவாளியின் முகம் மாறும் என்பது அவன் நம்பிக்கை.

முகம் மாறவில்லை. "பெரம்பலூருலேருந்து துப்பறிய வந்த ஆளு நீதானா தம்பி? பாத்தா பஸ்ஸுல பல்பொடி விக்கிற மாதிரி இருக்க," என்றாள் பொன்னம்மாள்.

டீச்சர் ஆட்டைப் பற்றிக் கேட்டார். செத்தது நிஜம் என்றாள் அவள். கல்யாண வூட்டில் கொட்டியிருந்த சோற்றை வயிறு முட்டத் தின்று, போய் ஏரித் தண்ணியைக் குடித்து, வயிறு ஊதிச் செத்தது. மனுவில் சோற்றைப் பற்றி ஏன் எழுதவில்லை? மனுவை எழுதிக் கொடுத்த பையன் தாளில் இடமில்லை என்றுவிட்டானாம். ஏரிக்காரன் மூட்டை கொட்டியதும் நிஜம், விரால் செத்ததும் நிஜம், எனக்குச் சந்தேகமும் நிஜம் என்று மூன்று நிஜங்களை மீன் வெட்டும் கட்டையில் தட்டித் தட்டிச் சொன்னாள்.

கண்ணையன் இனியும் பொறுக்க முடியாமல், வாளி மீனை மாற்றியது யார் என்று நேராகவே கேட்டுவிட்டான். டீச்சர் அவனைக் கையமர்த்தினார்.

"பொன்னம்மாக்கா, அய்யம்பெருமாள் மீன் எடுத்துக்கிட்டுப் போனாரே, அன்னைக்கிக் காலையில உங்க ஊரு ஆளு யாராவது உங்ககிட்ட மீன் வாங்கினாங்களா?"

பொன்னம்மாள் டீச்சரைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு பெட்டி குலுங்கியது, பிறகு பக்கத்துக் கருவாட்டுக்காரிக்கும் தொற்றிக்கொண்டது. அந்தக் கதையை அவள் ஏற்கெனவே சந்தை முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள் போலிருக்கிறது.

"வாங்குனாரே. விடியறதுக்குள்ள வந்து நிக்கறாரு, துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு. பாறை மீன் வேணுமாம். தலைய வெட்டு, வால வெட்டு, தோலையும் உரிங்கறாரு. தோல உரிச்சா பாறையில என்னாத்த திங்கறது? துண்டு போட்டா தெரியாதா எனக்கு? என் கல்யாணத்துல சீர் தட்டு தூக்குன கொளுந்தன். ஏரி நெறைய மீன வெச்சிக்கிட்டு எங்கிட்ட வந்து வாங்கித் திங்கறாரேன்னு சிரிச்சு மாளல."

"யாரு அது?" என்றான் கண்ணையன்.

"ஒங்க ஆளுதான். பிச்சைமுத்து."

கண்ணையன் எதிர்க்கடை டீ கிளாஸைப் பார்த்தான். ஒரு டீயில் ஒரு மனிதனை நம்பிவிட்டோமே என்று அவனுக்கு இருந்தது. டீச்சர் சேலை முந்தானையில் முகத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டு, வண்டியை எடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

பொழுது சாய்வதற்குள் ஏரிக்கரையில் இருந்தார்கள். பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் ஏற்கெனவே வந்து கருவேல மரத்தடியில் அடுக்கப்பட்டிருந்தன. கீழே, குட்டையாகச் சுருங்கிய தண்ணீரில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிச்சைமுத்து மூட்டைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"பாறை மீன் நல்லா இருந்துச்சுன்னு வேம்பு சொன்னாரு," என்றார் டீச்சர்.

பிச்சைமுத்துவுக்கு வேம்பு யார் என்று தெரியாது. ஆனாலும் புரிந்தது. எல்லாவற்றையும் சொன்னார். நாளைக்கு மீன் எடுக்க வருவேன் என்று அய்யம்பெருமாள் முதல்நாளே சொல்லிவிட்டார். அய்யம்பெருமாளுக்குக் கல்லங்குறிச்சிப் பெருமாள்மேல் பக்தி. புரட்டாசி முழுக்க மீனைக் கையால் தொட மாட்டார், கண்ணால் பார்க்க மாட்டார். கரையில் நின்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தூக்குவாளியை மட்டும் நீட்டியிருக்கிறார். எதைப் போட்டாலும் மூடி போட்டு எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

"எதுக்குங்க மாத்துனீங்க?" என்றான் கண்ணையன். இந்தத் தடவை கிண்டல் வரவில்லை. "கொட்டுனது பிண்ணாக்குத்தானே?"

"பிண்ணாக்குத்தான். ஆனா அவ்வளவு விரால கொன்னுச்சே. அதுல மிச்சம் ஏதாவது இந்த மீன்ல நின்னுருந்தா? லேபுல காட்டிட்டா? மனசு கேக்கல." கையிலிருந்த துண்டை முறுக்கினார். "கடலு பெருசு. அதுல யாரு பாஷாணம் கொட்ட முடியும்னு நெனைச்சேன். அதுலயும் எப்படி வந்துச்சுன்னு வெளங்காமத்தான் ஒங்ககிட்ட வந்தேன்."

பிண்ணாக்கின் நஞ்சு சில வாரத்தில் செத்து எருவாகிவிடும், அதில் பாஷாணமே கிடையாது, அவர் பயமில்லாமல் ஒரு கெண்டையைப் போட்டிருந்தால் காகிதம் வெள்ளையாக வந்திருக்கும் என்று டீச்சர் சொன்னார். இன்னும் கெட்டுப்போகவில்லை. காலையில் ஊர் கூடும்போது நடந்ததைச் சொல்லிவிட்டு, எல்லார் கண் முன்னாலும் வலை போட்டு ஒரு மீனைப் பிடித்து அனுப்ப வேண்டும்.

"எல்லார் முன்னாடியும்னா, பொன்னம்மா முன்னாடியுமா?"

"அவங்க முன்னாடிதான் முக்கியமா."

ஏலம் முடிந்த நாளிலிருந்து பிச்சைமுத்து பொன்னம்மாளோடு பேசுவதில்லை. அவளிடம் போய் மீன் வாங்கினேன் என்று ஊர் நடுவே சொல்வதற்கு, மீன் மொத்தமும் சாகட்டும் என்று அவர் முடிவெடுத்துவிடுவாரோ என்று கண்ணையன் சந்தேகப்பட்டான். அந்த வழக்கில் அவன் பட்ட சந்தேகங்களில் கொஞ்சம் பொருத்தமானது இது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஏரிக்கரையில் ஊர் நின்றது. பொன்னம்மாளும் சந்தைக்குப் போகிற வழியில் மீன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். அய்யம்பெருமாள், நாமம் பளிச்சென்று தெரிய, ஏரிப் பக்கம் முதுகைக் காட்டி நின்றபடி தீர்மானத்தைப் படித்தார். டீச்சர் வாயைத் திறக்கவில்லை. கண்ணையன் இரண்டு தடவை அவர் முழங்கையை இடித்தான். அவர் நகரவில்லை.

ஒருவன் முதல் மூட்டையின் தையலைப் பிரித்தான். கார வாடை காற்றில் கிளம்பி எல்லார் கண்ணையும் கரித்தது. மூட்டையை இரண்டு பேர் தூக்கினார்கள். தண்ணீர் ஓரம்வரை நடந்தார்கள்.

"எறக்குங்கய்யா," என்றார் பிச்சைமுத்து. "அது என் மீனில்ல. வாளியில போட்டது பாறை. பொன்னம்மா அண்ணிகிட்ட வாங்குனது."

ஊருக்கு இது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரித்தது பாருங்கள், கல்லங்குறிச்சிக் கோயில் மண்டபத்தில் புறாக்கள் கலைந்தன என்று பின்னால் கேள்வி. ஏரிக்காரன் காசு கொடுத்துக் கடல் மீன் வாங்கினான். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது பொன்னம்மாள். பிச்சைமுத்து தலையைக் குனியாமல் நின்றார்.

அப்போது கூட்டத்தில் ஒரு கிழவர், யோசித்து யோசித்துக் கேட்டார்: "அப்ப பாஷாணம் பொன்னம்மா மீன்லயா இருக்கு?"

சிரிப்பு நின்றது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். டீச்சர் பூட்டுக் கதையை ஊருக்கு ஒருமுறை சொன்னார். அது கேடு செய்யாத பாஷாணம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஊர் எப்படித் தலையாட்டும் என்பதைத்தான் முன்பே பார்த்தோமே. தள்ளி நின்றவர்கள் தள்ளியே நின்றார்கள். பொன்னம்மாள் பெட்டியின் மூடியை எதற்கோ ஒருமுறை அழுத்தி மூடினாள்.

பிச்சைமுத்து வலையை வீசி ஒரு ரோகுவைக் கரையேற்றினார். இது ஏரியில் பிடித்த மீன்தான் என்று அய்யம்பெருமாள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் டீச்சர். அய்யம்பெருமாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். புரட்டாசி முடியட்டும் என்றார். மூட்டை தூக்கியவர்கள் அதுவரை தாங்க மாட்டோம் என்றார்கள்.

"சாமி," என்றான் கண்ணையன், "பெருமாளு மொத அவதாரமே மீனாத்தான் எடுத்தாரு. அப்ப அவரையும் நீங்க பாக்க மாட்டீங்களா? திங்கறதுதானே தப்பு."

அய்யம்பெருமாள் மெல்லக் கண்ணைத் திறந்தார். துள்ளிக்கொண்டிருந்த ரோகுவைப் பார்த்தார். அவரை அறியாமல் கை இரண்டும் கும்பிட்டன. பயபக்தியோடு அதை வாளியில் எழுந்தருளச் செய்து, மூடியைக்கூடப் போடாமல் தானே எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

மதியம் ஆய்வுக்கூடத்து வாசலில் பாதி ஊர் நின்றது. கிளமெண்ட் இரண்டு காகிதத்தோடு வெளியே வந்தார். இந்தத் தடவை எல்லார் முகத்தையும் பார்த்தே பேசினார். எரித்தது வெள்ளை. வேகவைத்ததும் வெள்ளை. காகிதம் கைக்குக் கை போனது. அய்யம்பெருமாள் மூட்டைகளைத் திருப்பி அனுப்ப ஆளை ஓட்டினார். வேம்பு சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்து, இந்த மீனிலும் மிச்சத் துண்டு இருக்கிறதா என்று விசாரித்தார்.

பிச்சைமுத்துவை மட்டும் காணவில்லை. கண்ணையனுக்குப் பழக்க தோஷம், சந்தேகம் வந்துவிட்டது. டீச்சரைக் கூட்டிக்கொண்டு தேடிப் போனான்.

சந்தையில் செய்தி அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. பொன்னம்மாளின் பெட்டியில் காலையில் அடுக்கிய மீன் அடுக்கியபடியே இருந்தது. ஐஸ் முக்கால்வாசி கரைந்துவிட்டது. வழக்கமாக வாங்குகிறவர்கள் கருவாட்டுக் கடையில் நின்று அவளைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிச்சைமுத்து அவர்களைக் கடந்து வந்து பெட்டிக்கு முன்னால் நின்றார். துண்டு தோளில் கிடந்தது.

"அண்ணி, ரெண்டு பாறை குடுங்க."

கருவாட்டுக் கடையில் பேச்சு நின்றது. பொன்னம்மாள் நிமிரவில்லை. இரண்டு மீனை எடுத்துக் கட்டையில் வைத்தாள். அரிவாளை எடுத்தாள்.

"தலைய வெட்டணுமா?"

"வேணாம் அண்ணி. தலையோட குடுங்க. பையும் வேணாம், கையிலயே எடுத்துட்டுப் போறேன்."